கச்சான் காற்றும் பாம்பன் பாலமும்

மேற்குத் தொடர்ச்சி மலை மகேந்திரகிரியைத் தாண்டித் தெற்கே வந்ததும் தன் உயரத்தையெல்லாம் இழந்து, சிறு சிறு குன்றுகளாகப் பிரிந்து, கன்னியாகுமரிக் கடலோரத்தில் முடிந்துபோகிறது. அப்படி அது தாழ்ந்து விலகிக்கொடுக்கிற இடைவெளியில் இருக்கிறது ஆரல்வாய்மொழிக் கணவாய். பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் இடையே கோட்டையும் மதிலுமாக நின்ற வாசல் அது. 1809இல் வேலுத்தம்பி தளவாயை அடக்க வந்த கும்பினிப் படை இவ்வழியாகத்தான் உள்ளே புகுந்தது. படைகளுக்கு வாசலாவதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பிருந்தே அது காற்றுக்கு வாசலாக இருந்துவருகிறது. தென்மேற்குப் பருவம் தொடங்கியதும், அரபிக் கடலிலிருந்து புறப்பட்டு நாஞ்சில் நாட்டு வயல்களில் மழையைப் பெய்துவிட்டு வருகிற காற்று, வடக்கே நெடுமலை தடுத்து நிற்பதால் வேறு போக்கிடமின்றி இந்த ஒரு சந்தில் நெருக்கியடித்து நுழைந்து, கிழக்கே பணகுடி, வள்ளியூர்ப் பொட்டல்களில் ஆவேசத்தோடு விரிகிறது. இன்று முப்பந்தலைச் சுற்றி ஆயிரக்கணக்கான காற்றாலைகள் அந்த ஆவேசத்தை மின்சாரமாக மாற்றிக்கொண்டிருக்கின்றன. நான் முதன்முதலில் அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போன காலத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. உடைமரங்கள் கிழக்குப் பக்கமாக வளைந்து வளர்ந்திருந்ததுதான் அந்தக் காற்றுக்குச் சாட்சி.

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது என் உத்தியோகம். நாகர்கோவிலில் குடியிருந்துகொண்டு, தோவாளையிலிருந்து வள்ளியூர் வரையிலும், சில சமயம் திருநெல்வேலி வரையிலும் போய்வர வேண்டியிருந்ததனால், கைமாற்றாக ஒரு புல்லட் வாங்கினேன். சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல், ஆரம்பத்தில் இராணுவத்தின் தேவைக்கென்றே செய்யப்பட்ட என்ஃபீல்டு புல்லட். வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்குமாக அமைந்த பழைய மாதிரி. ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மெல்ல மிதித்து, டீகம்ப்ரஷர் நெம்புகோலை ஒரு கணம் இழுத்துவிட்டு, பிறகு முழு உடம்பின் பாரத்தையும் காலில் இறக்கினால்தான் அது கண் விழிக்கும். 160 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த வாகனத்தில் ஏறி, பின்னால் கணக்குப் புத்தகங்களின் மூட்டையைக் கட்டிக்கொண்டு, இத்தனை பாரத்தை எந்தக் காற்று என்ன செய்துவிடும் என்று நினைப்பது இயற்கைதான். ஆனால், காற்றின் கணக்கு வேறு. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது நம்மேல் செலுத்துகிற பலம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்றை ஓட்டுபவன் கவனிப்பதுகூட இல்லை. அதே காற்று 60 கிலோமீட்டரை எட்டும்போது, பதினைந்து இருபது கிலோ பாரத்தைத் தோளில் வைத்து ஒரு பக்கமாக அழுத்துவதற்கு ஒப்பான பலத்தோடு, விடாமல் தள்ளிக்கொண்டே வருகிறது.

அந்தச் சாலையின் போக்கையும் இங்கே சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலிருந்து கணவாய் வரையில் காற்று ஏறக்குறைய முதுகுப் பக்கம். வண்டி பெட்ரோல் குடிக்காமலே ஓடுவதுபோலத் தோன்றும். காவல்கிணற்றைத் தாண்டிச் சாலை வடக்கே திரும்பிய மாத்திரத்தில் அதே காற்று இடப்பக்கத்துக்கு வந்துவிடும். நம் தேசத்தில் வாகனங்கள் இடப்புறமாகச் செல்வது வழக்கமாதலால், இடப்பக்கத்துக் காற்று நம்மைத் தள்ளுவது சாலையின் நடுவை நோக்கி, அதாவது எதிரே வருகிற லாரிகளை நோக்கி. திரும்பி வரும்போது அதே காற்று வலப்பக்கத்தில் இருந்துகொண்டு சாலையோரத்து மண்ணை நோக்கித் தள்ளும். பலம் ஒன்றுதான், அபாயத்தின் சுபாவம் வேறு. ஆடி மாதத்தில் வடக்கே போகிற பிரயாணத்தைவிடத் தெற்கே திரும்புகிற பிரயாணம் எனக்கு எப்போதும் இலகுவாக இருந்ததற்கு, வீடு நோக்கி வருகிறோம் என்ற ஆறுதல் மட்டும் காரணமல்ல.

வடசேரியில் ஒரு மெக்கானிக் இருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு நாள் நான் வண்டியை அவர் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கியபோது, என் உள்ளங்கைகள் சிவந்து கன்றிப்போயிருப்பதைப் பார்த்தார். வண்டியைப் பார்ப்பதற்கு முன் கைகளைப் பார்த்தார் என்பது இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

“என்ன சார், ஆரவாமொழி வழியா வந்தீங்களா?” என்றார்.

“ஆமாம் அண்ணாச்சி. காற்று வண்டியைச் சாய்த்துவிடும்போல இருக்கிறது.”

“காத்து சாய்க்காது சார். ஒங்க கையாக்கும் சாய்க்குது. நீங்க ஹேண்டில்பாரை இரும்புப் பிடியாப் பிடிக்கீங்க. காத்து ஒங்க தோளைத் தள்ளுது. தோளு கையைத் தள்ளுது. கை ஹேண்டிலைத் தள்ளுது. முட்டு ரெண்டையும் டேங்கோட சேத்து இறுக்குங்க, முழங்கையைத் தளர்த்துங்க. வண்டிக்குத் தெரியும் சார், அது பாத்துக்கிடும்.”

அன்று மாலையே அதைச் சோதித்துப் பார்த்தேன். முழங்கால்கள் பெட்ரோல் டேங்கைப் பற்றிக்கொள்ள, தோள்பட்டை இறங்கி, முழங்கைகள் மடிந்து தளர்ந்தபோது, காற்று என் சரீரத்தை அசைத்த அசைவு ஹேண்டில்பாருக்குப் போகாமல் இடையிலேயே கரைந்துபோயிற்று. வண்டி தானாகவே காற்றின் பக்கம் சிறிது சரிந்து, அந்தச் சரிவிலேயே நேராக ஓடிற்று. காற்றடிக்கிற பக்கம் வண்டி சாய்ந்திருக்க வேண்டும். சாய்ந்தபடியே அது நேர்க்கோட்டில் போகும். மணிக்கு 60 கிலோமீட்டர்க் காற்றுக்கு நான்கைந்து டிகிரி சாய்வு போதும். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, ஓட்டுபவனுக்கோ உலகமே சாய்ந்துவிட்டதாகத் தோன்றும். அந்தச் சாய்வை உண்டாக்குவதற்கு உடம்பை வளைக்க வேண்டியதில்லை. காற்று இடப்பக்கம் இருந்தால், ஹேண்டில்பாரின் இடக் கைப்பிடியை உள்ளங்கையால் முன்னோக்கி இலேசாக அழுத்தினால் போதும். முன்சக்கரம் ஒரு மயிரிழை வலப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும். சொன்னால் நம்புவதற்குக் கஷ்டமான காரியம் இது. ஆகாய விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரை விசாரித்து, இடப்பக்கம் திரும்புவதற்கு முதலில் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதை, முதலில் கேட்டவுடன் அவர்கள் ஒருவருமே சரியாகச் சொல்லவில்லை என்று கண்டார். நமக்குத் தெரியாமலே நம் கைகள் அறிந்துவைத்திருக்கிற வித்தை அது. பெருங்காற்றில் மட்டும் அதைத் தெரிந்தே செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் நிலையாக வீசுகிற காற்றுக்குத்தான் செல்லும். பலமான காற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, நிலையில்லாத காற்றைக் கண்டே பயப்பட வேண்டும் என்பது அந்தச் சாலை எனக்குக் கற்பித்த விஷயம். ஒரே வேகத்தில் வீசுகிற காற்று எத்தனை கடுமையானதாக இருந்தாலும் அதன்மேல் சாய்ந்துகொண்டு போய்விடலாம். அது சட்டென்று நின்றுவிடுகிறதே, அப்போதுதான், சாய்ந்து நின்ற கதவை உள்ளேயிருந்து யாரோ திறந்துவிட்டால் எப்படியோ அப்படி, வண்டி காற்றடித்த பக்கமாகவே ஓடிப்போகிறது. பணகுடிக்குத் தெற்கே, சாலையின் மேற்குப் பக்கத்தில் ஒரு மதில் சுவரோ, வைக்கோற்போரோ, செங்கற்சூளையோ வந்தால், அதன் மறைவில் காற்று ஒரு கணம் இல்லாமற்போகும். மறைவு முடிந்த இடத்தில் இரட்டிப்பாக வந்து மோதும். அசைகிற மதில்கள் இன்னும் மோசம். எதிரே வைக்கோல் லாரி ஒன்று வருகிறதென்றால் முதலில் அதன் முகப்பிலிருந்து ஒரு தள்ளு. முன்னே போகிற பஸ்ஸை முந்தும்போது அதன் பக்கத்தில் ஒரு வெறுமை. அதை விட்டு வெளியே வந்ததும் கணவாயின் முழுக் காற்றும் ஒரே அறையாக. ஆகையால் ஆடி மாதத்தில் நான் பஸ்ஸை முந்துவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதன் பின்னாலேயே அறுபது எழுபது கஜம் விட்டுப் போவதனால் வள்ளியூருக்குப் பத்து நிமிஷம் தாமதமாகும்; சங்கத்துக் காரியதரிசி அதற்காகக் கணக்குப் புத்தகத்தைப் பூட்டி வைத்துவிடப் போவதில்லை.

காற்று வருவதைக் காற்று வருமுன் அறிய வேண்டும். அதற்கு அந்த நாட்டில் பனைகளைவிட உத்தமமான துணை கிடையாது. இரண்டு பர்லாங் தூரத்தில் ஒரு பனைக் கூட்டத்தின் ஓலைகளெல்லாம் ஒரே கணத்தில் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டுகிறதென்றால், இன்னும் சில விநாடிகளில் அந்த வேகம் நம்மிடம் வந்துசேரும். டீக்கடையின் கீற்றுத் தட்டி, சூளையின் புகை, சாலைக்குக் குறுக்கே கீழாகப் பறந்து ஒரு பக்கமாக நழுவிப்போகிற காக்கை, எதிரே சைக்கிளில் வருகிறவருடைய வேட்டி என எல்லாம் சேதி சொல்லும். கண் சாலையிலும் மனம் இவற்றிலுமாக ஓட்டுவது ஆரம்பத்தில் ஆயாசமாக இருந்தது. பிறகு அதுவே அந்தப் பிரயாணத்தின் ஆனந்தமாயிற்று.

என் மனைவி ஏறி வரும்போது கணக்கு மாறிவிடும். அந்தக் காலத்தில் பெண்கள் பின்னிருக்கையில் இரண்டு கால்களையும் இடப்பக்கமாகப் போட்டு ஒருபக்கமாக உட்கார்வதே மரியாதை என்று கருதப்பட்டது. அப்படி உட்கார்ந்தால் இடப்பக்கத்துக் காற்று முழுவதும் அவள் மார்பிலும் மடியிலும் விழும், புடவை பாய்மரமாகிவிடும். வள்ளியூரில் ஒரு கல்யாணத்துக்காகப் போகும்போது, காவல்கிணறு திருப்பத்தில் முதல் வீச்சு வந்ததுமே அவள் என் தோளைத் தட்டினாள்.

“ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. இப்படி ஒரு பக்கமா உக்காந்தா காத்து என்னை அப்படியே தூக்குது. நான் ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காந்துக்கிடுதேன்.”

“சாலையில் நாலு பேர் பார்ப்பார்களே” என்றேன்.

“பாக்கட்டும். விழுந்து கிடந்தாலும் பாக்கத்தான செய்வாங்க” என்று சொல்லி, முந்தானையை இடுப்பில் சுற்றி இறுகச் செருகிக்கொண்டு, சேலைக் கார்டின் மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவள் எடை நடுவுக்கு வந்ததும் வண்டி அடங்கி ஓடிய விதத்தை நான் மறக்க முடியாது. அந்தக் கல்யாண வீட்டு வாசலில் எங்களைப் பார்த்து முகஞ்சுளித்த பெரியவர்களும் இருந்தார்கள். மரியாதை என்ற பெயரால் ஒரு பெண்ணை விழத்தக்க நிலையில் உட்காரவைப்பது என்ன மரியாதை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படியே தோன்றுகிறது.

சில வருஷங்களில் எனக்கு இராமநாதபுரத்துக்கு மாற்றலாயிற்று. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் என் பொறுப்பில் வந்தன. பாம்பன் கால்வாயின்மேல் ரோடு பாலம் திறந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. 1914 பிப்ரவரியில் ரயில் பாலம் திறந்ததிலிருந்து, இராமேசுவரம் தீவுக்குப் படகை விட்டால் ரயில் ஒன்றே வழியாக இருந்தது. முக்கால் நூற்றாண்டு கழித்து, 1988இல், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சாலைப் பாலம் இந்திரா காந்தியின் பெயரால் திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடிக்கப் பல வருஷங்கள் பிடித்தன. மண்டபத்துப் பக்கத்தில் தாழ்வாகத் தொடங்கி, படகுகளும் சிறு கப்பல்களும் அடியில் செல்லும்படி நடுவில் வில்லாக உயர்ந்து, பாம்பன் பக்கத்தில் இறங்குகிற பாலம். தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் விரிகுடா. மீனவர்கள் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் ஆண் கடல் நுரைத்துக் குமுறுவதையும், பாலத்துக்கு அப்பால் பெண் கடல் பச்சைப் பசேலென்று அடங்கிக் கிடப்பதையும் ஒரே பார்வையில் காணலாம்.

அந்தப் பாலத்தின் உச்சியில் மோட்டார் சைக்கிளில் இருப்பது தரையில் எங்கும் இருப்பதைப் போன்றதன்று. ஆரல்வாய்மொழியில் பனையும் சுவரும் உண்டு. இங்கே காற்றுக்கும் நமக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. கைப்பிடிச் சுவர் தாழ்வானது. புல்லட்டின்மேல் உட்கார்ந்திருப்பவனுடைய தோளும் தலையும் அதற்கு மேலே, திறந்த ஆகாயத்தில்தான் இருக்கின்றன. இராமேசுவரம் நோக்கிப் போகையில் கச்சான் காற்று வலப்பக்கத்துப் பின்புறமிருந்து வந்து இடப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரை நோக்கி ஒதுக்கும். அந்தச் சுவருக்கு அப்பால், வெகு தாழ்வில், ரயில் பாலத்தின் தூண்கள் வரிசையாக நிற்பது கண்ணில் படும். அதைப் பார்க்கக் கூடாது. பார்த்த திசையிலேயே வண்டி போகும் என்பது மோட்டார் சைக்கிளின் மாறாத தர்மம். கண்ணை ஏற்றத்தின் முனையில், தார் முடிந்து வானம் தொடங்குகிற இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பாலத்தின் துண்டுகளை இணைக்கிற இரும்புத் தகடுகளைக் கடக்கும்போது சக்கரங்கள் ‘தட், தட்’ என்று இரண்டு முறை அதிரும். மழை ஈரத்தில் அவை வழுக்கும். ஆகையால் தகட்டின்மேல் ஏறும்போது பிரேக்கையும் தொடாமல், திராட்டிலையும் திருகாமல், வண்டியை நிமிர்த்தியபடி கடப்பேன். மிக மெதுவாகப் போவதும் உதவாது. உருளுகிற சக்கரங்களுக்குத் தம்மைத்தாமே நேர்படுத்திக்கொள்ளும் ஒரு சக்தி உண்டு. வேகம் நடையளவுக்குக் குறைந்துவிட்டால் அது போய்விடும். மூன்றாம் கியரில் 35, 40 கிலோமீட்டர் வேகம் அந்தப் பாலத்துக்குப் பொருத்தமாக இருந்தது. உச்சியில் விளக்குக் கம்பங்கள் காற்றில் ஊளையிடும். ஹெல்மெட்டுக்குள் எஞ்சின் சத்தம் கேட்காமற்போய், தொடைகளில் உணர்கிற அதிர்வு ஒன்றினால்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறதென்று தெரியும்.

பனையில்லாத இடத்தில் காற்றை எப்படி அறிவது என்பதை மண்டபத்தில் ஒரு முதிய மீனவர் எனக்குச் சொன்னார். சங்கத்தின் கணக்கில் தமக்கு வரவேண்டிய பங்கைக் கேட்க வந்தவர், நான் அடிக்கொருதரம் ஜன்னல் வழியே பாலத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

“தம்பி, பாலத்தைப் பாத்தா என்ன தெரியும்? கீழ நங்கூரம் போட்டு நிக்கிற வல்லத்தைப் பாருங்க. காத்து எங்கிட்டு இருந்து வருதோ அங்கிட்டுத்தான் அணியத்தை வச்சிருக்கும். எல்லா வல்லமும் ஒரே பக்கமா அணியத்தை வச்சு அசையாம நின்னா, காத்து எம்புட்டு அடிச்சாலும் நெதானமா இருக்குன்னு அர்த்தம். இங்கிட்டும் அங்கிட்டுமா தலையை ஆட்டுச்சுன்னா, அது கெட்ட காத்து. அப்பப் போகாதீக.”

வடசேரியில் பட்டறை வைத்திருந்தவரும் மண்டபத்தில் வலை இழுத்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. காற்றின் பலத்தைவிட அதன் மாறுதலை அஞ்ச வேண்டும் என்ற ஒரே சத்தியத்தை, ஒருவர் கையிலிருந்தும் மற்றவர் படகிலிருந்தும் கண்டறிந்திருந்தார்கள். பெரியவரின் வார்த்தைப்படி வல்லங்களின் முன்முனையான அணியங்களைப் பார்க்காமல் அதன் பிறகு நான் அந்தப் பாலத்தில் ஏறியதில்லை.

காற்று அந்தக் கால்வாயில் என்ன செய்யும் என்பதை அந்தக் கரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல் தனுஷ்கோடியை இல்லாமற்செய்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற பாசஞ்சர் ரயிலை, அதில் இருந்த அத்தனை ஜனங்களோடும் கடல் கொண்டுபோயிற்று. பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பு உத்திரங்கள் பெரும்பாலும் தூண்களிலிருந்து பெயர்ந்து கடலில் விழுந்தன. அப்போது இளம் எஞ்சினியராக இருந்த ஸ்ரீதரன், மூழ்கிய உத்திரங்களை எடுத்துச் செப்பனிட்டு, 46 நாட்களில் பாலத்தை மீண்டும் நிறுத்தினார். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயையும் டில்லி மெட்ரோவையும் உண்டாக்கிய பெருமகன் அவரே. அந்தக் கரையில் காற்றுக்குச் செலுத்துகிற மரியாதை அதன்பின் வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தப் பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கிற கருவி இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் கரையிலேயே நின்றுவிடும் என்பது அப்போதைய ஏற்பாடு. கடலில் செல்கிறவர்களுக்காகப் பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ரயிலுக்கும், காற்றிலேயே பிறந்து வளர்ந்த படகோட்டிக்கும் எச்சரிக்கை உண்டு. பக்கத்திலேயே, அவற்றைவிட உயரத்தில், இரண்டே சக்கரங்களில் போகிறவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

இந்த வித்தியாசத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டது ஓர் ஆடி மாதத்துப் பகலில். மண்டபம் ஸ்டேஷனில் இராமேசுவரம் போகும் மீட்டர் கேஜ் ரயில் சிக்னலுக்காகக் காத்து நின்றது. ஜனங்கள் இறங்கித் தண்டவாளத்தோரம் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துவிட்டார்கள். ஒரு பர்லாங் தள்ளி, பாலத்துச் சாலையில் கார்களும் பஸ்களும் தடையின்றி ஏறிக்கொண்டிருந்தன. நங்கூரத்தில் நின்ற வல்லங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. வண்டியைக் காற்று தள்ளினாலும் சைடு ஸ்டாண்டின் மேலேயே சாயும்படி திருப்பி, முதல் கியரில் போட்டு நிறுத்திவிட்டு, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது ஒரு டி.வி.எஸ். 50 வந்தது. ஓட்டியவனுக்கு இருபத்தைந்து வயதுக்குள். பின்னால் மனைவி ஒருபக்கமாக, மடியில் கைக்குழந்தை. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு ட்ரங்குப் பெட்டி. வழி கேட்பதற்காக நின்றான்.

“தம்பி, கொஞ்சம் இருந்து போங்களேன். காற்று சரியில்லை.”

“சாமி தரிசனம்ணே. நடை சாத்திருவாக. பஸ்ஸெல்லாம் போகுதுல்ல?”

“பஸ்ஸின் எடை வேறே. அதோ பாருங்கள், ரயிலையே நிறுத்திவிட்டார்கள்.”

அவன் நம்பிக்கையில்லாமல்தான் திரும்பிப் பார்த்தான். நின்றுகொண்டிருந்த ரயிலை அவனுக்கு முன்பே கண்டுகொண்டது அவன் மனைவி. அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் குழந்தையோடு இறங்கி, என் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, குழந்தையின் முகத்திலிருந்த மணலை முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள். பிறகு அவனுக்கும் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்து வந்த பஸ்ஸில் அவளையும் குழந்தையையும் பெட்டியையும் ஏற்றி அனுப்பினோம். நாலு மணிக்கு மேல் காற்று கடுமை குறையாமலே நிலைப்பட்டது. வல்லங்கள் தெற்கு நோக்கி ஒரே முகமாக நின்றன. ரயிலுக்கு இன்னும் கைகாட்டி விழவில்லை. முழங்கையைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லி அவனை முன்னால் விட்டு, அவன் வண்டியின்மேல் ஒரு கண்ணாக, நான் பின்னால் போனேன். உச்சியில் அந்தச் சிறு வண்டி காற்றின் பக்கம் அழகாகச் சரிந்து, சரிந்தபடியே நேராகப் போயிற்று. பாம்பன் இறக்கத்தில் அவன் திரும்பிப் பார்த்து ஒரு கையைத் தூக்கினான். இரண்டு கையாலும் பிடிக்கும்படி நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்காது.

பாலத்தின் இரு முனைகளிலும், விமான நிலையங்களில் பறக்கவிடுகிறார்களே, அந்த மாதிரி ஒரு துணிக் குழாயைக் கம்பத்தில் கட்டிவைக்க வேண்டும் என்று அப்போது எனக்குப் பட்டது. படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும். படுத்துக் கிடந்தால் காற்றில்லை; விறைத்து நின்றால் கடுங்காற்று; எழும்பி விழுந்து துடித்தால் கெட்ட காற்று. இதற்கு எஞ்சினியரோ பெருஞ்செலவோ தேவையில்லை. மழைக்காலத்தில் நனைந்து கிழிந்தால் மாற்றுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இரு சக்கர வண்டி என்பது நம் நாட்டில் குடும்ப வாகனம். தகப்பனும் தாயும் இரண்டு குழந்தைகளுமாக ஒரே வண்டியில் போகிற ஜனங்கள்தான் அந்தப் பாலத்தில் அதிகம். அவர்கள் பாலத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கி, கடலைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள்; அந்தச் சந்தோஷத்தை யாரும் தடுக்க வேண்டாம். எந்த நாளில் நிற்கலாம், எந்த நாளில் நிற்கலாகாது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு துணியாவது வேண்டாமா?

இப்போது நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை. முழங்கால் கிக்கருக்கு இணங்காமற்போய் வருஷங்களாகிவிட்டன. ரயிலுக்கும் பழைய பாலம் ஓய்ந்து, 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் வந்துவிட்டது. என் தங்கை மகன் பரமக்குடியில் வேலை பார்க்கிறான். பட்டனைத் தொட்டால் கிளம்புகிற வண்டி வைத்திருக்கிறான். போன ஆனி மாதம் மண்டபத்திலிருந்து போனில் கூப்பிட்டான்.

“மாமா, இங்க செமக் காத்து. போகலாமா, வேண்டாமா?”

“வல்லமெல்லாம் எந்தப் பக்கம் அணியத்தை வைத்திருக்கிறது, பார்த்துச் சொல்.”

அவன் நடந்துபோகிற சத்தமும் காற்றின் இரைச்சலும் கொஞ்ச நேரம் கேட்டன. “பாதி தெக்க, பாதி மேற்க. ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு மாமா” என்றான்.

“சரி, சாப்பிட்டாயா?”

“இல்ல.”

“மண்டபத்தில் மீன் சாப்பாடு நன்றாக இருக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பார்த்துச் சொல்” என்றேன். மூன்றரை மணிக்கு அவனே கூப்பிட்டு, எல்லாம் தெற்கே திரும்பிவிட்டதென்றும், கிளம்புகிறேனென்றும் சொன்னான்.